இருபது மீட்டரோடு நிறுத்துங்கள்: டைவிங் கிளப்பில் கூட்டு ஆழச் சவால் நடத்தப் போகிறவர்களுக்கு

பிரிட்டனில் ஸ்கூபா கிளப் ஒன்றில் சேர்ந்து இரண்டு மூன்று வருடம் ஆகிவிட்டால், யாராவது ஒருவர் உங்கள் தோளில் கை வைத்து, “இந்த வருடம் சாரிட்டிக்கு ஏதாவது நீ நடத்தேன்” என்பார். எனக்கு அப்படித்தான் கூட்டு ஆழச் சவால் தலையில் விழுந்தது. உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் இறங்கிய ஆழத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். மொத்தம் ஒரு பெரிய எண்ணைத் தொட வேண்டும். அதைச் சொல்லித் தொண்டு நிறுவனத்துக்குப் பணம் திரட்ட வேண்டும். கேட்பதற்கு ஞாயிற்றுக்கிழமை வேலை போல இருந்தது. ஒன்பது மாதம் ஆனது. அதில் பாதி, தெரியாமல் செய்த தப்புகளைத் திருத்துவதிலேயே போனது.

இங்குள்ள கிளப்களில் இப்போது தமிழர்களும் கணிசமாக வருகிறார்கள். உங்களில் யாருக்காவது இந்த வேலை வந்து விழுந்தால் என் அளவுக்கு அலைய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். இங்கிலாந்தில் நடத்திய அனுபவம் இது. சட்டம், படிவம் பற்றிய பகுதிகள் ஸ்காட்லாந்தில் கொஞ்சம் மாறும். இன்னொன்று: நான் தூத்துக்குடிக்காரன். கையில் டைவ் என்று எழுத வந்தாலும் வாயில் முங்கல் என்றுதான் வரும். கட்டுரை முழுக்க அப்படியே விட்டுவிடுகிறேன்.

1. முதலில் கமிட்டி, அதற்குப் பிறகு போஸ்டர்

ஜனவரிக் கூட்டத்திலேயே பேசிவிடுங்கள். ஏப்ரலில் தொடங்க வேண்டிய காரியத்துக்கு ஜனவரி சீக்கிரம் இல்லை. பீசாக் (பிரிட்டிஷ் சப்-அக்வா கிளப் என்ற தேசிய டைவிங் அமைப்பு) சார்ந்த கிளப் என்றால், முங்கலுக்குப் பொறுப்பாக டைவிங் ஆபீசர் என்று ஒருவர் கட்டாயம் இருப்பார். அவர் ஒப்புதல் இல்லாமல் ஒரு மீட்டர்கூட நகராது. பொருளாளரிடமும் அன்றே பேசி, பணம் கிளப் கணக்கு வழியாகப் போகுமா, நேராகத் தொண்டு நிறுவனத்துக்குப் போகுமா என்று முடிவு செய்யுங்கள். நேராகப் போவதுதான் நல்லது. கிளப் கணக்கில் விழுந்த பணத்துக்கு ஒரு வருடம் கழித்தும் பதில் சொல்லிக்கொண்டிருக்க நேரும்.

2. இலக்கை ஆசையால் வைக்காதீர்கள், வகுத்தலால் வையுங்கள்

எல்லாக் கிளப்பிலும் முதலில் வாயில் வருவது மரியானா அகழிதான். எங்களுக்கும் அப்படித்தான். உலகின் ஆழமான இடம், சுமார் 10,935 மீட்டர். பெயர் சொன்னாலே ஸ்பான்சர் பண்ணுகிறவர் நிமிர்ந்து உட்காருவார். டைவிங் ஆபீசர் அமைதியாக ஃபோனில் கால்குலேட்டரைத் திறந்தார்.

எங்கள் கிளப்பில் பழைய பதிவுகளைப் பார்த்தால் ஒரு முங்கலின் ஆழம் சராசரியாக 15 மீட்டர். 10,935-ஐ 15-ஆல் வகுத்தால் 729 முங்கல். ஒழுங்காகத் தண்ணீரில் இறங்குகிறவர்கள் 26 பேர். தலைக்கு 28. இங்கிலாந்தின் நடுவில், கடலுக்குத் தூரமாக இருக்கும் எங்கள் மிட்லண்ட்ஸ் ஊரில், வார இறுதிகளை மட்டும் நம்பி, ஆறு மாதத்தில் தலைக்கு 28 முங்கல் என்பது நடக்காத காரியம். நடக்க வைக்க முயன்றால், ஆட்கள் முங்கல் எண்ணிக்கையைக் கூட்ட முடியாமல் ஆழத்தைக் கூட்டுவார்கள். ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கடைசியில் டைட்டானிக் கிடக்கும் ஆழத்தை எடுத்துக்கொண்டோம்: சுமார் 3,800 மீட்டர். அதே கணக்கில் 253 முங்கல். தலைக்குப் பத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை இது தாராளமாக நடக்கும். சின்ன கிளப் என்றால் மலையைத் தலைகீழாக்கிக்கொள்ளலாம்: பென் நெவிஸ் 1,345 மீட்டர், வேல்ஸின் ஸ்நோடன் 1,085 மீட்டர். “ஸ்நோடனைத் தண்ணீருக்குள் இறங்குகிறோம்” என்றால் அலுவலகத்தில் எல்லோருக்கும் உடனே புரிகிறது.

வகுத்து வந்த எண், உங்கள் ஆட்கள் வழக்கமாக ஒரு பருவத்தில் செய்யும் முங்கலைவிட அதிகமாக இருந்தால் இலக்கைக் குறையுங்கள். “கொஞ்சம் முயன்றால் முடியும்” என்ற பேச்சை ஓட்டப்பந்தயத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.

3. விதிகள்: இந்த ஒன்றை மட்டுமாவது முழுக்கப் படியுங்கள்

முதல் சனிக்கிழமை. நாங்கள் முங்கும், தண்ணீர் நிரம்பிய பழைய கல்குவாரியின் கரையில் மழைத் தூறல். கையில் கிளிப்போர்டு, பென்சில், ஆறிப்போன டீ. எங்கள் மூத்த உறுப்பினர் ஒருவர் ட்ரை சூட்டில் (உள்ளே தண்ணீர் புகாத முங்கல் உடை) தண்ணீர் சொட்டச் சொட்டச் சரிவில் ஏறி வந்து, ஸ்லேட்டை என் முன்னால் நீட்டினார். 20, 20, 20 என்று எழுதி, அடியில் கோடு போட்டு, 60. முகமெல்லாம் சிரிப்பு.

அவருடைய டைவ் கம்ப்யூட்டரை (ஆழத்தையும் நேரத்தையும் பதியும் சின்னக் கருவி) வாங்கி டைவிங் ஆபீசர் வரைபடத்தைப் பார்த்தார். ரம்பப் பல் மாதிரி இருந்தது. இருபதுக்கு இறங்கி, ஐந்துக்கு ஏறி, மறுபடி இருபது, மறுபடி ஐந்து, மறுபடி இருபது. ஒரே சிலிண்டர், மொத்தம் இருபத்தாறு நிமிடம்.

அவர் ஏமாற்றவில்லை. நான் அச்சடித்துக் கொடுத்த தாளில் “இறங்கிய ஆழத்தைக் கூட்டவும்” என்றுதான் இருந்தது. அவர் மூன்று முறை இறங்கினார், கூட்டினார். தப்பு முழுக்க என்னுடையது.

இப்படி ஏறி இறங்குவது ஏன் கூடாது என்று புதியவர்களுக்காக: ஆழத்தில் அழுத்தம் கூடக்கூட உடம்பில் நைட்ரஜன் கரைகிறது. ஏறும்போது அது வெளியே வருகிறது, கொஞ்சம் நுண்குமிழாகவும் வரும். அந்தக் குமிழ்கள் பெரும்பாலும் நுரையீரலில் தடுக்கப்பட்டு நின்றுவிடும். உடனே மறுபடி இறங்கினால் அழுத்தத்தில் சுருங்கி, அந்தத் தடையைத் தாண்டித் தமனிப் பக்கம் போய்விடலாம் என்பது மருத்துவர்கள் சொல்லும் காரணம். அதோடு ஒவ்வொரு முறை ஏறும்போதும் நுரையீரலில் காற்று விரிகிறது, காதும் ஒருமுறை அடிவாங்குகிறது. மேற்பரப்புக்குப் பக்கத்தில்தான் அழுத்தம் விகிதத்தில் அதிகமாக மாறும்: மேலே 1 பார், 10 மீட்டரில் 2, அதாவது இரட்டிப்பு; இருபதில் 3, அதாவது பத்தில் இருந்ததைப் போல ஒன்றரை மடங்குதான்.

அன்று சாயங்காலமே பப்பில் உட்கார்ந்து விதிகளைத் திருத்தி எழுதினோம். நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு முங்கலுக்கு ஒரே எண்தான்: கம்ப்யூட்டர் காட்டும் அதிகபட்ச ஆழம். எத்தனை முறை ஏறி இறங்கினாலும் அது ஒன்றுதான்.

இருபது மீட்டரைத் தாண்டி ஆழமாகப் போனாலும் கணக்கில் இருபதுதான். முப்பத்தைந்து வரை போகத் தகுதி உள்ளவர் போகட்டும், அது அவர் விருப்பம். அதனால் சவால் கணக்கில் ஒரு மீட்டர்கூட அதிகம் சேராது. பீசாக்கின் முதல் நிலையான ஓஷன் டைவருக்கு எல்லை 20 மீட்டர். அதனால் போன மாதம் தேறியவரும் முப்பது வருடமாக முங்குகிறவரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். இன்னொரு காரணமும் உண்டு. முதல் முங்கலுக்கு, நைட்ரஜன் வெளியேறுவதற்காக வழியில் கட்டாயமாக நிற்காமல் ஏறி வரக்கூடிய நேரம், பி.ஏ.டி.ஐ. என்ற டைவிங் பயிற்சி அமைப்பின் அட்டவணையில் 20 மீட்டருக்கு 45 நிமிடம். 30 மீட்டருக்கு அது 20 நிமிடமாகச் சுருங்கிவிடும். முப்பதைச் சுற்றி நைட்ரஜன் மயக்கமும் (போதை ஏறியது போன்ற தடுமாற்றம்) தலைகாட்டும். நன்கொடைக்காக யாரையும் அந்தப் பக்கம் தள்ளக் கூடாது. (பி.ஏ.டி.ஐ. என்று புள்ளி வைத்து எழுதுவதன் காரணம், புள்ளி இல்லாமல் தமிழில் எப்படி எழுதினாலும் வேறு பொருள் வந்து தொலைக்கிறது.)

இருபது நிமிடத்துக்குக் குறைவானது கணக்கில் வராது. தொட்டுவிட்டு ஓடிவரும் முங்கலை இது தடுக்கும்.

ஒரு நாளில் இரண்டுதான். ஆழமானது முதலில். நடுவில் குறைந்தது ஒரு மணி நேரம் கரையில். முடிவில் ஐந்தாறு மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும்.

இன்னொரு விதியும் எழுதினோம், இரண்டு வாரத்தில் எடுத்துவிட்டோம்: “வேகமாக ஏறி கம்ப்யூட்டரில் அலாரம் அடித்தால் அந்த முங்கலுக்குப் பூஜ்யம்.” நல்ல விதி போலத்தான் தெரிந்தது. ஆனால் அதற்குப் பிறகு ஒருவரும் அலாரம் அடித்ததாகச் சொல்லவில்லை. திடீரென்று எல்லோரும் ஒழுங்காகிவிட்டார்களா என்ன? தண்டனைக்குப் பயந்து மறைத்தார்கள். முங்கலில் மறைப்பதைப் போல ஆபத்து வேறு இல்லை. நைட்ரஜன் குமிழால் வந்திருக்கக்கூடிய தோள்பட்டை வலியைக்கூடச் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அதனால் மாற்றினோம்: அலாரம் அடித்தால் மீட்டர் கணக்கில் ஏறும், ஆனால் டைவிங் ஆபீசரிடம் சொல்ல வேண்டும், அன்று இரண்டாம் முங்கல் கிடையாது. மறுவாரமே மூன்று பேர் வந்து சொன்னார்கள்.

4. தொண்டு நிறுவனத்திடம் எழுத்தில் வாங்குங்கள்

கடலில் இறங்குகிற கூட்டத்துக்கு ஆர்.என்.எல்.ஐ. இயல்பான தேர்வு, கரையோரமெங்கும் தன்னார்வலர்களைக் கொண்டு உயிர்காக்கும் படகுகளை ஓட்டுகிற அமைப்பு. உங்கள் ஊர் மருத்துவமனை சாரிட்டியாகவும் இருக்கலாம். எதுவானாலும் முதலில் சாரிட்டி கமிஷனின் பதிவேட்டில் பெயரையும் பதிவெண்ணையும் தேடிப் பாருங்கள். ஸ்காட்லாந்தில் இதற்குத் தனிப் பதிவேடு. ஒரே மாதிரிப் பெயரில் இரண்டு மூன்று அமைப்புகள் இருப்பது சகஜம்.

பிறகு அவர்களுடைய நிதி திரட்டும் பிரிவுக்கு மின்னஞ்சல்: யார், என்ன, எப்போது, எவ்வளவு எதிர்பார்க்கிறோம், என்ன பாதுகாப்பு ஏற்பாடு. அவர்கள் அனுமதிக் கடிதம் ஒன்று தருவார்கள். இந்தக் கடிதம்தான் உங்கள் அடையாள அட்டை. சூப்பர்மார்க்கெட் வாசலில் நிற்க, உள்ளூர்க் கடையில் பரிசு கேட்க, எல்லாவற்றுக்கும் இதைத்தான் கேட்பார்கள். அவர்களுடைய சின்னத்தை (லோகோ) நீங்களாகவே இணையத்தில் எடுத்து போஸ்டரில் ஒட்டாதீர்கள். முறையான வடிவத்தை அவர்களே அனுப்புவார்கள். பதில் வர எங்களுக்கு மூன்று வாரம் ஆனது. நான் அதற்குள் ஐம்பது போஸ்டர் அச்சடித்திருந்தேன். ஐம்பதும் குப்பைக்குப் போயின.

5. மருத்துவப் படிவம், தகுதி அட்டை, காப்பீடு

மார்ச்சிலேயே எல்லோருடைய மருத்துவ சுய அறிவிப்புப் படிவத்தையும் வாங்கிப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் “இல்லை” என்றால் செலவில்லை, கையெழுத்து போதும். ஒன்றுக்கு “ஆம்” என்று வந்தாலும் டைவிங் மருத்துவம் தெரிந்த மருத்துவர் பார்க்க வேண்டும். உங்கள் ஜி.பி., அதாவது வழக்கமான குடும்ப மருத்துவரின் கையெழுத்து இதற்குச் செல்லாது. எங்கள் ஆட்களில் இருவர் நேரில் பார்க்க ஆளுக்கு நூறு பவுண்டைச் சுற்றிக் கொடுத்தார்கள். தேதி கிடைக்கவே ஒரு மாதம் ஆனது.

நம்மவர்கள் இதில் ஒரு தப்பு செய்கிறோம். இரத்த அழுத்த மாத்திரை, சர்க்கரை மாத்திரை, சின்ன வயதில் இருந்த வீசிங், இவையெல்லாம் “கன்ட்ரோல்ல இருக்கு” என்பதால் “இல்லை” என்று டிக் போட்டுவிடுகிறோம். கேள்வி, உங்களுக்கு இருக்கிறதா என்பதுதான். கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்பதை மருத்துவர் பார்த்துக்கொள்வார். பெரும்பாலும் சரி என்றுதான் எழுதிக்கொடுப்பார்.

தகுதி அட்டையின் நகலையும் வாங்கி வையுங்கள். பி.ஏ.டி.ஐ. ஓப்பன் வாட்டர் மட்டும் முடித்தவருக்கு எல்லை 18 மீட்டர். அவர் கணக்கு 18-லேயே நிற்கட்டும். காப்பீட்டைப் பொறுத்தவரை, பீசாக் உறுப்பினருக்குச் சந்தாவோடு வருவது மூன்றாம் நபர் பொறுப்புக் காப்பீடு. அதாவது உங்களால் இன்னொருவருக்கு நேரும் பாதிப்புக்கு. உங்களுக்கே அடிபட்டால் அது வேறு. “என் நண்பன் ஒருவன் கோவாவில் கற்றுக்கொண்டான், ஒருநாள் மட்டும் வரட்டுமா” என்று கேட்டால், முதலில் உறுப்பினராகச் சேரச் சொல்லுங்கள்.

6. சிலிண்டரின் கழுத்தைப் பாருங்கள்

இங்கே முங்கல் சிலிண்டருக்கு இரண்டரை வருடத்துக்கு ஒருமுறை உள்பரிசோதனை, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனை. தேதியைக் கழுத்துப் பகுதியில் முத்திரை குத்தியிருப்பார்கள். தேதி கடந்திருந்தால் எந்த இடத்திலும் காற்று நிரப்ப மாட்டார்கள், கெஞ்சினாலும் நடக்காது. எங்கள் தொடக்க நாளில் நான்கு சிலிண்டர் இப்படித் திரும்பின. அதில் ஒன்று என்னுடையது. வேலை நாளில் கொண்டுபோய்க் கொடுத்தால் ஒரு வாரத்தில் வந்துவிடும். ஈஸ்டர் நெருக்கத்தில் மூன்று வாரம். எனக்கு நாற்பத்தைந்து பவுண்டு ஆனது.

ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்ற அளவில் கொடுக்கும் கருவி) சர்வீஸும் குளிர்காலத்திலேயே முடியட்டும். ஏப்ரலில் குவாரித் தண்ணீர் அடியில் பத்து டிகிரிக்குக் கீழே கிடக்கும். அந்தக் குளிரில் ரெகுலேட்டர் உறைந்து காற்றைத் தானாகக் கொட்ட ஆரம்பிக்கலாம். அந்தமானில் கற்றுக்கொண்டு வந்தவர்கள் இதைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். முதலில் ஆறு மீட்டரில் பழகட்டும்.

7. இடமும் செலவும்

லெஸ்டர்ஷயரில் இருக்கும் ஸ்டோனி கோவ் போன்ற பழைய கல்குவாரிகள் இந்தச் சவாலுக்கென்றே வெட்டியது போல இருக்கும். அங்கே அடித்தளம் படிப்படியாக இருக்கிறது: ஆறேழு மீட்டரில் ஒரு மேடை, இருபதைச் சுற்றி ஒன்று, அதற்குக் கீழே முப்பத்தைந்து. இருபது மீட்டர்ப் படியில் ஸ்டேன்கார்த் என்ற பழைய இழுவைப் படகை மூழ்கடித்து வைத்திருக்கிறார்கள். ஆள் புதியவரோ பழையவரோ, அவரவர் படியில் நிற்கலாம். கடலில் இந்த வசதி கிடையாது. அலை, நீரோட்டம், படகுக்காரர் சொல்லும் நேரம் எல்லாம் சேர்ந்து, பாதி நாட்கள் ரத்தாகும். எங்கள் 253-இல் இருநூறுக்கு மேல் குவாரியில் வந்தவைதான்.

செலவு, எங்கள் அனுபவத்தில், ஆளுக்கு ஒரு நாளைக்கு: நுழைவு இருபதைச் சுற்றி, இரண்டு முறை காற்று நிரப்பப் பத்துப் பன்னிரண்டு, பெட்ரோல் பங்கு ஐந்து, அப்புறம் அந்தத் தவிர்க்க முடியாத பேகன் ரோல். நாற்பது பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். படகு என்றால் இரட்டிப்புக்கு மேல்.

இதை ஒவ்வொருவரும் தன் பையிலிருந்து கொடுக்க வேண்டும். நன்கொடையிலிருந்து ஒரு பவுண்டு எடுத்தாலும், “நீங்கள் தருவது முழுக்கத் தொண்டு நிறுவனத்துக்கு” என்று எழுதும் உரிமை போய்விடும். எங்களில் ஒருவர், தன் வழக்கமான வார இறுதிக்கு மற்றவர் பணம் கேட்பது நியாயமா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஸ்பான்சர் தாளின் மேலேயே “எங்கள் செலவு எங்களுடையது” என்று போட்டோம். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

8. மீட்டருக்கு இவ்வளவு என்று வாங்காதீர்கள்

என் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் தாராளமாக, “மீட்டருக்குப் பத்து பென்ஸ்” என்று எழுதிக்கொடுத்தார். இருபது மீட்டர் இறங்குவான், இரண்டு பவுண்டு என்று அவர் நினைத்திருக்கிறார். தாளில் இருந்தது கூட்டு இலக்கு. 3,800 மீட்டருக்குப் பத்து பென்ஸ் என்றால் 380 பவுண்டு. செப்டம்பரில் நான் போய் நின்றபோது அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இருபது பவுண்டு கொடுத்தார், டீயும் வாங்கிக்கொடுத்தார். மொத்தத் தொகையாகவே வாங்குங்கள், முடிந்தால் முன்பணமாக. மீட்டருக்குக் காசு என்றாலே ஆழத்துக்கு ஆசை காட்டுவதுதான், 3-ஆம் பகுதியில் மூடிய கதவை இங்கே திறந்த மாதிரி.

9. நன்கொடைப் பக்கமும் கிஃப்ட் எய்டும்

ஜஸ்ட்கிவிங் போன்ற தளத்தில் பக்கம் தொடங்கும்போது கவனம். தொண்டு நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்துத் தொடங்கும் பக்கம் ஒன்று. தனிப்பட்ட காரியத்துக்கான கூட்டுநிதிப் பக்கம் இன்னொன்று. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி. முதலாவதில் பணம் நேரே நிறுவனத்துக்குப் போகும், கிஃப்ட் எய்டும் (அரசு தரும் கூடுதல் தொகை, அடுத்துச் சொல்கிறேன்) சேரும். இரண்டாவதில் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும், கிஃப்ட் எய்டு கிடையாது. எங்கள் உறுப்பினர் ஒருவர் இரண்டாவதைத் தொடங்கி, நூற்றுச் சொச்சம் பவுண்டு சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. குழுப் பக்கம் ஒன்றை நீங்களே தொடங்கி, மற்றவர்களை அதில் சேர அழையுங்கள்.

கிஃப்ட் எய்டு என்பது, பிரிட்டனில் வரி கட்டுகிறவர் கொடுக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசிடமிருந்து 25 பென்ஸ் கூடுதலாகத் தொண்டு நிறுவனம் கேட்டு வாங்கிக்கொள்வது. கால்வாசி சும்மா வருகிறது. விட்டுவிடக் கூடாது; ஆனால் பொய்யாகவும் டிக் போடக் கூடாது. கொடுத்தவர் அவ்வளவு வரி கட்டியிருக்காவிட்டால், குறைகிற தொகையை வரித்துறை அவரிடமே கேட்கும்.

இணையத்தில் தளமே கேட்டு வாங்கிக்கொள்ளும். பிரச்சினை காகிதத் தாளில்தான், அதுவும் நம் வீடுகளில். நான் லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு பிறந்தநாள் விருந்துக்குத் தாளைக் கொண்டுபோனேன். சாம்பார்க் கறையோடு திரும்பி வந்த தாளில் இருந்த பெயர்கள்: செல்வி அக்கா, ராஜா மாமா, குட்டி, கண்ணன் & ஃபேமிலி. முகவரிப் பத்தியில் “மேலே உள்ளதே”. ஒன்றும் தேறவில்லை. தேவை இவைதான்: பெயர், குடும்பப் பெயர், வீட்டு எண், போஸ்ட்கோடு, தொகை, கொடுத்த தேதி, டிக். தலைப்பெழுத்து வைக்கும் நம் வழக்கத்தால் தகப்பன் பெயர் ஒரு இடத்தில், தன் பெயர் ஒரு இடத்தில் என்று குழம்பும். சம்பளச் சீட்டில் இருப்பது போல எழுதச் சொல்லுங்கள். அலுவலக முகவரி செல்லாது. கணவன் மனைவி சேர்ந்து என்றால், யார் வரி கட்டுகிறாரோ அவர் பெயரில் அவர் பணம்.

டிக் போடக் கூடாதவர்கள்: விசிட்டர் விசாவில் வந்திருக்கும் அப்பா அம்மா, சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ அட்டையில் கொடுக்கும் உறவினர், வரி வரம்புக்குள் வராத மாணவர். பணத்தை மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்ளுங்கள், அந்தக் கட்டத்தை மட்டும் காலியாக விடுங்கள்.

அலுவலகத்தில் பத்துப் பேரிடம் வசூலித்து ஒருவர் தன் அட்டையில் மொத்தமாகக் கட்டி டிக் போடுவதும் தப்பு. அது அவருடைய பணம் இல்லை. அதே அலுவலகத்தில் இன்னொன்றைக் கேட்டுப் பாருங்கள்: ஊழியர் திரட்டியதற்குச் சமமாக நிறுவனமும் தரும் திட்டம் பல இடங்களில் இருக்கிறது. பெரும்பாலும் நிகழ்ச்சிக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். நான் பின்பு கேட்டேன், இல்லை என்றார்கள்.

10. உண்டியலும் ராஃபிளும்

தெருவில் நின்று வசூலிக்க உள்ளூர்க் கவுன்சிலின் அனுமதி வேண்டும். ஒரு மாதத்துக்கு முன்பாவது விண்ணப்பியுங்கள். குவாரி, கடை, கோயில் மண்டபம் என்றால் இடத்துக்காரர் அனுமதி. டப்பா முத்திரையிட்டதாக இருக்கட்டும். திறக்கும்போது இரண்டு பேர் எண்ணட்டும்.

ராஃபிள் (பரிசுச் சீட்டுக் குலுக்கல்) நடத்துவதில் ஒரே கேள்விதான்: சீட்டை எங்கே விற்கிறீர்கள்? நிகழ்ச்சி நடக்கும் இடத்தில், நடக்கும்போது மட்டும் விற்றால் உரிமம் தேவையில்லை. ஆனால் வந்த பணத்திலிருந்து நடத்தும் செலவுக்கு 100 பவுண்டுக்கு மேலும், பரிசு வாங்க 500-க்கு மேலும் எடுக்கக் கூடாது. வாரக்கணக்கில் முன்கூட்டியே விற்க ஆரம்பித்தால், சிறு சங்க லாட்டரியாகக் கவுன்சிலில் பதிய வேண்டும்: முதல் வருடம் 40 பவுண்டு, பிறகு வருடத்துக்கு 20. சீட்டுப் பணத்துக்குக் கிஃப்ட் எய்டு கிடையாது.

11. அன்றன்றே பதியுங்கள்

ஒவ்வொரு முங்கல் நாளுக்கும் ஒரு டைவ் மேனேஜர் கரையில் இருப்பார். அவர் தாளில் ஏற்கெனவே பெயர், ஜோடி, உள்ளே போன நேரம், காற்று அழுத்தம், திரும்பிய நேரம் எல்லாம் இருக்கும். அதிலேயே ஆழத்துக்கு ஒரு பத்தி சேர்த்துக்கொண்டால் போதும். தனித் தாள் வேண்டாம். தண்ணீரிலிருந்து ஏறியதும் ஜோடியில் மற்றவர் கம்ப்யூட்டரைப் பார்த்து எண்ணைச் சொல்லட்டும். நாங்கள் முதல் மாதம் “வீட்டுக்குப் போய் வாட்ஸாப்பில் போடுங்கள்” என்று விட்டோம். 18.4 என்று வந்தது 19 ஆகி, பிறகு 20 ஆனது. கெட்ட எண்ணம் இல்லை, ஞாபகம் அப்படி.

கரையில் நிற்பவருக்கு மீட்டர் கிடைக்காது என்பதால் மே மாதத்தில் ஒருவரும் நிற்க முன்வரவில்லை. அவருக்கும் பதினைந்து மீட்டர் எழுதிவிடலாமா என்று கேட்டேன். பொருளாளர் மறுத்துவிட்டார்: ஸ்பான்சரிடம் சொன்னது முங்கிய மீட்டரை. அவர் சொன்னது சரி. முறை வைத்து ஆளைப் போட்டோம், அவ்வளவுதான்.

முதலுதவிக்கான ஆக்சிஜன் பெட்டி கரையில் இருக்கிறதா, அதில் வாயு இருக்கிறதா என்று ஒவ்வொரு காலையும் பாருங்கள். கடலில் என்றால் வி.எச்.எஃப். ரேடியோவில் அவசர அழைப்புக்கான 16-ஆம் சானல் வேலை செய்கிறதா என்பதையும். ஞாயிறு முங்கிவிட்டுத் திங்கள் அதிகாலை சென்னை விமானம் பிடிப்பவர் யாராவது இருந்தால் சனிக்கிழமையே கேட்டுவிடுங்கள். இரண்டு முங்கலுக்குப் பிறகு குறைந்தது 18 மணி நேரம் பறக்கக் கூடாது.

12. கடைசி மீட்டருக்குப் பிறகு

3,800-ஐ செப்டம்பர் இரண்டாம் ஞாயிறு தொட்டோம். தொட்டவர், ஆறு மீட்டர் மேடையைத் தாண்டி ஒருநாளும் போகாத எழுபது வயதுக்காரர். அவர் ஸ்லேட்டில் 6.1 என்று இருந்தது. எங்களுக்குத் தேவைப்பட்டது நான்கு.

அதற்குப் பிறகும் வேலை இருக்கிறது. காகித ஸ்பான்சர் பணத்தை இரண்டு வாரத்துக்குள் வசூலித்துவிடுங்கள். அக்டோபர் வந்துவிட்டால் மறந்துவிடுவார்கள். ரொக்கத்தை உங்கள் கணக்கில் போட்டுப் பிறகு அனுப்பாமல், தொண்டு நிறுவனம் தந்த குறிப்பு எண்ணோடு நேராகக் கட்டுங்கள். கிஃப்ட் எய்டு தாளின் அசலை அவர்களுக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். எங்கள் தாள் ஒன்று தபாலில் நனைந்து எழுத்து கரைந்துபோனது. படம் இருந்ததால் பதினோரு பேரின் போஸ்ட்கோடு தப்பியது. நன்றிக் கடிதமும் ரசீதும் வந்ததும் நகலைக் கிளப் செயலாளரிடம் கொடுத்துவிடுங்கள். முங்கல் தாள்களையும் அதே உறையில் போட்டுவிடுங்கள்.